எங்கள் தாய்மாமனின் பெயரைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத எங்கள் தாய்மாமனின் பெயர், யாங்கூன் நகருக்கு வடக்கே தாக்யான் போர்க் கல்லறைத் தோட்டத்தில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருப்பதை, அவர் இறந்து 80 ஆண்டுகள் கழித்து இப்போதுதான் அறிந்தோம். இதை அறியத் தந்தவர்களில் பலரை நாங்கள் நேரில் கண்டதுகூட இல்லை. ஆகவே எல்லோருக்குமாக இம்மடலை எழுதுகிறோம்.

மாமா முளகுமூடு பக்கத்துப் பனையேறிக் குடும்பம் ஒன்றின் மூத்த மகன். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அந்த அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில், பதநீர்க் காலம் முடிந்தால் கையில் காசில்லாத எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் மரச்சீனிக் கிழங்கே மூன்று வேளைக்கும் ஆகாரமாயிற்று. அந்தப் பஞ்சத்தில்தான் மாமா பட்டாளத்தில் சேர்ந்தார். எந்த நாட்டு அரிசி வராததால் வீட்டை விட்டுப் புறப்பட்டாரோ, அந்த நாட்டு மண்ணிலேயே 22 வயதில் முடிந்துபோனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

இறப்புச் செய்தி வந்த தாளை, எங்கள் பாட்டி எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, பாட்டாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றுவார். அவருக்குப் பின் எங்கள் அம்மை அதைச் செய்து வருகிறார். மாமா போனபோது அம்மை சிறுமி. இப்போது அவருக்கு 88 வயது. எங்கள் கல்யாணங்களில் தாய்மாமன் முறை செய்யவேண்டிய நேரம் வரும்போதெல்லாம் அம்மை பந்தலை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். அது ஏன் என்று எங்களுக்கு வெகுகாலம் புரியவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டியும், அதனுள் மாமா பாட்டிக்குப் பணம் அனுப்பிய மணியார்டரின் அடித்தாள் ஒன்றும் மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, இத்தனை ஆண்டுக்குப் பிறகு இதைக் கிளறி என்ன பயன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதே தாளைத் தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா கையில் வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து, அதிலிருந்த எண்ணைக் கொண்டு மாமா பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர் என்று சொன்னார். பாலம் கட்டுவதும், மிதவை ஓட்டுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அவர்களுடைய வேலை என்றும், காலாட்படை ஆற்றைக் கடக்குமுன் ஆற்றில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான் என்றும் அன்று மாலை முழுவதும் பொறுமையாக விளக்கிய ஐயாவுக்கு எங்கள் முதல் வணக்கம்.

பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டை இரவு இரவாகத் தேடிய பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவிக்கும், ஆங்கில எழுத்தில் உருக்குலைந்து கிடந்த எங்கள் ஊர்ப்பெயரை வாய்விட்டுப் பலமுறை படித்துப் பார்த்து, "இது நம்ம ஊருதான்" என்று கண்டுபிடித்த பள்ளி ஆசிரியர் அவர்களுக்கும் நன்றி. அந்த ஒரு வரியில் பாட்டாவின் பெயரும் திருவிதாங்கூர் என்ற சொல்லும் இருந்தன. இறந்த மாதம் 1945 பிப்ரவரி. ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷாரின் 14-ஆவது படை பர்மாவின் ஐராவதி ஆற்றைக் கடந்த மாதம் அது.

கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் உள்ளன. அவற்றுள் ஒரு பெயரைத் தேடி, எங்களை முன்பின் அறியாத யாங்கூன் தமிழ்க் குடும்பம் ஒன்று, அந்நாடு இன்றிருக்கும் நிலையிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டுப் போனது. படம் மட்டும் எடுத்து அனுப்பியிருந்தாலே போதும். அவர்களோ மெல்லிய தாளைக் கல்லில் ஒட்டிப் பிடித்து, பென்சிலால் தேய்த்து எழுத்துகளைப் பதித்தெடுத்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். தூணின் அடியில் பூ வைத்து, எங்களுக்காகச் செபமும் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மைக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அண்ணன் பெயர் எங்கே தொடங்குகிறது என்று கேட்டு, அங்கே விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கடைசிவரை தடவிப் பார்த்தார். பின்பு தாளை மடிக்கக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

பாட்டியின் கல்லறைத் தலைமாட்டில் மாமாவின் பெயரைத் தமிழில் பொறித்த ஒரு சிறு கல்லைப் பதிக்கப் பங்குத்தந்தை அன்புடன் இசைவு தந்திருக்கிறார். வருகிற கல்லறைத் திருநாளன்று மாலை அந்தக் கல்லின்மேல் அம்மை மெழுகுதிரி ஏற்றுவார். இம்மடலில் குறிப்பிட்ட அனைவரும், இடம் போதாமல் குறிப்பிட முடியாமற்போனவர்களும், அவ்வேளையில் எங்களுடன் இருக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
அவருடைய தங்கையும் மருமக்களும்,
கன்னியாகுமரி மாவட்டம்.