ஹருஹி முடியாவிட்டால் என்ன, தம்பி?

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "கதை முடியலைன்னா எதுக்குக்கா படிக்கணும்?" என்றாய். ஹருஹி சுசுமியா என்ற பள்ளி மாணவியைப் பற்றிய அந்த ஜப்பானிய அனிமேயின் இரண்டு சீசனையும் பார்த்தாய். 2010இல் வந்த படத்தையும் பார்த்தாய். நாவல்களை மட்டும் தொடமாட்டேன் என்கிறாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை.

நீ சொல்வது உண்மைதான். நகாரு தனிகாவா எழுதிய முதல் நாவல் 2003 ஜூனில் வந்தது. 2007க்குள் ஒன்பது வந்துவிட்டன. ஒன்பதாவதில், கதையைச் சொல்லும் ஹருஹியின் வகுப்புத் தோழன் க்யோன் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வருகிறது. அங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதையில் பேசுவது யாரென்று தெரியாத ஒரு பெண். இன்னொரு பாதையில் நடுநிலைப் பள்ளித் தோழி சசாகி. இரண்டும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கும்போதே புத்தகம் முடிந்துவிடுகிறது. சில மாதங்களில் வரவேண்டிய அடுத்த பாகம் 2011 மே மாதம்தான் வந்தது. நாலு வருடம் வாசகர்கள் அந்தப் பிளவுக்கு நடுவிலேயே காத்துக் கிடந்தார்கள். அத்தனை காத்திருப்புக்கு அந்த முடிச்சு அவிழ்ந்த விதம் கொஞ்சம் அவசரம் என்றுதான் எனக்குப் பட்டது. அப்புறம் 2020இல் ஒரு கதைத் தொகுப்பு, 2024இல் இன்னொன்று. பெரிய கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதல் நாள் வகுப்பில் ஹருஹி எழுந்து நின்று சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும். சாதாரண மனிதர்கள் வேண்டாம். வேற்றுக்கிரகவாசி, எதிர்காலத்திலிருந்து வந்தவர், வேறு உலகத்தவர், அதீத சக்தி உள்ளவர் என்று நாலு வகை ஆட்களைக் கூப்பிடுகிறாள். வேற்றுக்கிரகவாசி நாகாடோ, எதிர்காலத்து ஆசாஹினா, அதீத சக்தி உள்ள கோய்சுமி என்று மூன்று வகை அவள் க்ளப்பில் வந்து சேர்ந்தது. அந்த வேறு உலகத்தவருக்கான நாற்காலி இன்னும் காலி. தனபாதா என்ற நட்சத்திரத் திருவிழா இரவில் பள்ளி மைதானத்தில் கோடு போட்டுக் கொடுத்த ஜான் ஸ்மித் க்யோன்தான் என்பதும் நம் ஹருஹிக்கு இன்னும் தெரியாது. இந்தக் கணக்கெல்லாம் தீரவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த இரவு நாம் விடியும்வரை பேசியது எதைப் பற்றி? எந்த மர்மம் அவிழ்ந்தது என்பதையா பேசினோம்? மாறிப்போன உலகத்தில் நாகாடோ நீட்டிய இலக்கிய மன்றத்தின் வெற்று உறுப்பினர் படிவத்தை க்யோன் அவளிடமே திருப்பிக் கொடுக்கிறானே, அதைப் பற்றித்தான் பேசினோம். அவள் விரல் நடுங்குவதை நீ திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய். பிறகு பழைய உலகத்துக்கே திரும்ப என்டர் பொத்தானை அழுத்தியதற்கு அவன் தன்னையே குடைந்து கேட்டுக்கொள்வானே, அது நாவலில் பக்கம் பக்கமாக அவன் குரலிலேயே வருகிறது. ஹருஹி இழுத்த இழுப்புக்கெல்லாம் அலுத்துக்கொண்டே போனாயே, அதெல்லாம் உனக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று கேட்கிறான். பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறான். இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று அவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. தெரியாமலேதான் ஒத்துக்கொள்கிறான். உனக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் அதுதான்.

நீ பார்த்தது நாலாவது நாவல்வரைதான், அப்புறம் இருப்பதிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றும். ஐந்தாவதில் எல்லாரும் பனிப்புயலில் ஒரு மாளிகைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். எதற்கும் அசையாத நாகாடோ காய்ச்சலில் விழுகிறாள். அவளைப் படுக்கவைத்து ஹருஹி கவனித்துக்கொள்ளும் விதத்தைப் படித்தால், ஹருஹியைத் திமிர் பிடித்தவள் என்று இனிமேல் சொல்லமாட்டாய்.

எனக்கு உயிர் ஏழாவதுதான். பிப்ரவரி மாதம். க்ளப் அறையில் துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள்ளிருந்து ஆசாஹினா வருகிறாள். எட்டு நாள் கழித்து வரும் நாளிலிருந்து வந்திருக்கிறாள், எதற்கு அனுப்பினார்கள் என்று அவளுக்கே தெரியாது. க்யோனின் ஷூ அலமாரியில் கடிதம் கடிதமாக வருகிறது, எல்லாம் சில்லறை வேலைகள். ஓர் ஆமையை வாங்கி ஆற்றில் எறியச் சொல்கிறது ஒன்று. குளிரில் நடுங்கிக்கொண்டு கரையில் நின்று அவன் அதை எறிகிறான். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பையன் பக்கத்தில் நின்று தண்ணீரில் விரியும் வட்டங்களைப் பார்க்கிறான். அவ்வளவுதான் வேலை. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் ஹருஹி எல்லாரையும் மலைக்கு இழுத்துப் போய்ப் புதையல் தோண்டவைக்கிறாள். ஒன்றும் கிடைப்பதில்லை. பிறகு காதலர் தினத்தன்று மறுபடி தோண்டச் சொல்கிறாள். அந்த நாளையே மறந்துபோயிருந்த பையன்கள் தோண்டினால், பெண்கள் மூவரும் புதைத்துவைத்த சாக்லேட்! இதை ரசிக்கக் கடைசிப் பாகம் வரவேண்டுமா, சொல்.

இன்னொன்று. அதே மலையில் ஆசாஹினாவின் தோழி சுருயா வேறோர் இடத்தில் தோண்டி, பல நூறு வருடங்களுக்கு முன் புதைத்த ஒரு பானையை எடுக்கிறாள். அந்தக் காலத்தில் யாராலும் செய்திருக்க முடியாத ஒரு சின்ன உலோகத் தண்டு அதற்குள் இருக்கிறது. பிற்பாடு தேவைப்படும் என்று பத்திரமாக எடுத்துவைக்கிறாள். இன்றுவரை தேவைப்படவில்லை. அது எதற்கு என்று எனக்கு ஒரு யூகம் இருக்கிறது. ஐந்தாவதிலிருந்து ஏழாவதுவரை மூன்று புத்தகங்களையும் உனக்கு அனுப்பிவைக்கிறேன். படித்துவிட்டு உன் யூகத்தை எழுது. என்னுடையதை அதற்கு முன்னால் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அக்கா