ஆகஸ்டில் மேலே போன பறவைகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதவே இல்லையே?

ஆகஸ்டில் காடே ஊமையாகிவிடுகிறது, பறவை பார்க்கப் போய்ப் பயனில்லை என்று எழுதியிருந்தாய். அடிவாரத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அங்கே காணாமல் போகும் பறவைகள் எல்லாமே தெற்கே கிளம்பிவிடுவதில்லை. பல, மலை ஏறிவிடுகின்றன!

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரை எடுத்துக்கொள். ஜூலையிலேயே கீழே புல் காய்ந்து, பூச்சிகள் குறைந்துவிடும். 3000 மீட்டர் உயரத்திலோ பனி அப்போதுதான் உருகி, புல்வெளியெல்லாம் பூத்துக் கிடக்கும். குஞ்சுகளும் பறக்கத் தொடங்கிவிட்டன, காப்பதற்குக் கூடும் இல்லை. அப்புறம் கீழே என்ன வேலை?

ஆரஞ்சு கிரௌன்டு வார்ப்ளர் என்ற பூச்சி தின்னும் சிறு பறவை இப்படித்தான் மேலே போய் இறகு மாற்றிக்கொள்கிறது. புது இறகு வளரப் புரதம் வேண்டும், அதற்குப் பூச்சிகள் வேண்டும். அந்த நாட்களில் அதைக் கிட்டத்தில் பார்த்தால் பாவமாக இருக்கும்: பாதி வளர்ந்த வால், உறை பிரியாத முள் முள்ளான இறகுகள். பாடாது. ஓடையோரப் புதருக்குள் இலை இலையாகப் புரட்டி இரை தேடிக்கொண்டிருக்கும்.

என் மனம் கவர்ந்தது ரூஃபஸ் ஹம்மிங்பேர்டு என்ற குட்டித் தேன் குடிக்கும் பறவைதான். எடை 3, 4 கிராம்தான். வசந்தத்தில் பசிபிக் கரையோரமாக வடக்கே போகும், சில அலாஸ்கா வரைக்கும். திரும்பும்போது மலைவழி, ஏனென்றால் அப்போது பூக்கள் அங்கேதான். வழியில் தங்கும் சில நாட்களுக்குக்கூட ஒரு பூத்திட்டைத் தனதாக்கிக்கொண்டு, நெருங்குபவரையெல்லாம் விரட்டும். குளிர்ந்த இரவில் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, மரத்துப்போனதுபோல் கிடந்து ஆற்றலைச் சேமிக்கும்.

பிரெய்ரி வல்லூறும் மேலே வரும். கீழே வளையில் வாழும் தரை அணில்கள் கோடை வறட்சிக்கு வளைக்குள் அடங்கிவிடுவதால், இரை தேடி உயரத்துப் புல்வெளிகளுக்கு வருகிறது.

பனி சீக்கிரமே உருகிவிடும் ஆண்டுகளில் மலைப் பூக்களும் முந்திக்கொள்கின்றன. பறவைகள் வந்து சேர்வதற்குள் அவை உதிர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு விடவே இல்லை.

முழங்கால் தேறியதும் சொல், சேர்ந்தே மலையேறுவோம். அதற்குள் உன்னால் போக முடிந்தால் மரங்கள் முடியும் இடத்துக்கு மேலே, ஈரம் காயாத புல்வெளியாகப் பார்த்து, காலையிலேயே போய்விடு. என்னென்ன கண்டாய் என்று விவரமாக எழுது.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்