கயலுக்கு, அந்த மியாட்டா சைக்கிள் பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ டொரான்டோவிலிருந்து அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் டெரெய்லரின் (கியர் மாற்ற செயினைத் தள்ளும் பாகம்) உள்பக்கம் 'ஹெச் டி' என்று சின்னதாகப் பொறித்திருக்கிறது, கவனித்தாயா? ஷிமானோவின் குறியீட்டில் முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். 1976-க்கு 'ஏ' என்று எண்ணிக்கொண்டே வந்தால் 'ஹெச்' 1983, 'டி' ஏப்ரல். டெரெய்லரை இடையில் யாரும் மாற்றவில்லை என்றால் சைக்கிளும் அதை ஒட்டி வந்ததுதான். குரோமோலி என்ற கலப்பு எஃகு ஃப்ரேம், பின் சக்கரம் மாட்டும் இடைவெளி 126 மி.மீ., 27 இஞ்ச் ரிம். நல்ல சரக்கு, விட்டுவிடாதே.

கியரை எடுத்துவிட்டு ஒரே பல்சக்கரத்தில் ஓடும் சிங்கிள் ஸ்பீடு ஆக்கி, தை மாதம் ஊருக்குக் கொண்டுவந்து தண்டையார்பேட்டையில் ஓட்டப்போகிறேன் என்கிறாய். ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்கிறேன்மா: என்ன மாற்றினாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி மாற்று. சிங்கிள் ஸ்பீடு ஆக்கும்போது 'இது இனி எதற்கு' என்று டெரெய்லர் மாட்டும் காதையும் கேபிள் கொக்கிகளையும் கிரைண்டரில் சீவித் தள்ளுகிறார்கள். சீவியதை ஒட்டவைக்க முடியாது. ஒரு மில்லி கூடத் தொடவிடாதே.

முதல் வேலை சீட் போஸ்ட்டையும் (சீட்டைத் தாங்கும் தண்டு) ஸ்டெம்மையும் (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) கழற்றுவது. இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் நின்றால் இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே குளிர்காலத்தில் சாலைக்குப் போடும் உப்பு வேறு. ஊடுருவும் எண்ணெயை மேலே விட்டு ஒரு நாள் ஊறவிடு. பிறகு ஃப்ரேமைக் கவிழ்த்து, பிபி (பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்) ஓட்டை வழியாகக் கீழிருந்தும் விடு. இரண்டு மூன்று நாள் பொறு. நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதே. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், இன்னும் இறுகும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் போஸ்ட்டின் மேல் வைத்தால் அதே கணக்கில் சுருங்கும். அந்த நேரம் பார்த்துத் திருப்பு, இழுக்காதே. ஸ்டெம்முக்கு மேல் போல்ட்டை மூன்று சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கிவிடும்.

திருகுகளைக் கழற்றுமுன் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கு. ஜப்பான்காரன் போட்ட நட்சத்திரத் திருகில் சாதா டிரைவர் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பிபியின் வலதுபக்கக் கப்பும் இடது பெடலும் எதிர் மரை. அதை மறந்து பலம் போட்டால் மரை போய்விடும்.

பேரிங் குண்டுகளை அப்படியே எறிந்துவிட்டுப் புதிதாகப் போடு, பழையதைத் துடைத்துப் போடாதே. வழக்கமாக முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பக்கத்துக்கு 10, அளவு 3/16 இஞ்ச்; பின் ஹப்பில் 9, பிபியில் 11, இரண்டுக்கும் 1/4. கழற்றும்போது எண்ணிச் சரிபார். கோனில் (குண்டுகள் உருளும் கூம்பு நட்டு) அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தால் அதையும் மாற்று. கோனை இறுக்கும்போது மயிரிழை ஆட்டம் விட்டுவை. குயிக் ரிலீஸை (சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் நெம்பு) மடக்கியதும் அச்சு நசுங்கி அந்த ஆட்டம் தானே போய்விடும். மேஜையில் வைத்தே சரியாக இறுக்கினால் வண்டியில் மாட்டியதும் சக்கரம் கடிக்கும்.

இனி சக்கரம். பழைய ஹப்பை வைத்துக்கொண்டு 700சி என்ற அளவில் அலுமினிய ரிம் கோத்துக்கொள்ளலாம். பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு. மழையில் அதில் பிரேக் நிற்காது, இங்கே கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் போகும்போது அது விளையாட்டில்லை. ஸ்போக் கம்பியை வெட்டுமுன் பிரிவீலை (பின் ஹப்பில் திருகியிருக்கும் பல்சக்கரத் தொகுதி) கழற்று. கோத்த சக்கரத்தைப் பிடித்துத்தான் அதைத் திருக முடியும், ஹப் தனியாக வந்துவிட்டால் பிடிமானமே இருக்காது. சன்டூர் கம்பெனி பிரிவீல் என்றால் கருவி மாட்ட இரண்டு அல்லது நான்கு பள்ளம் இருக்கும். கருவியைக் குயிக் ரிலீஸ் நட்டால் அழுத்தி வைத்து, முதல் அசைவு கிடைத்ததும் நட்டைத் தளர்த்திவிட்டு மீதியைச் சுற்று. சும்மா வைத்துத் திருகினால் பள்ளம் உடையும்.

இனி ஒரே பல்சக்கரம்தான் என்பதால், அச்சின் வலதுபக்க ஸ்பேசர் வளையங்களில் கொஞ்சத்தை இடதுபக்கம் போடு, மொத்தம் 126 மாறக்கூடாது. ஃப்ரேமை விரிக்கவே வேண்டாம். ஹப் வலது பக்கம் நகர்ந்ததால் ரிம்மை ஃப்ரேமின் நடுவுக்குக் கோட்டம் எடுக்க வேண்டும். பலர் ஸ்பேசரை மட்டும் மாற்றிவிட்டு, ரிம் ஒரு பக்கம் பிரேக் கட்டையில் உரசுகிறதே என்று அலைவார்கள். இருபக்கக் கம்பியும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் நிற்பதால் சக்கரமும் பலமாகும்.

முன்னால் 42 பல், பின்னால் 18. நம்ம பக்கம் மேடு என்றால் மேம்பாலம்தான், ஆனால் எண்ணூர் ரோட்டில் கடல் காற்று எதிர்த்தால் 16 பல் முழங்காலை வாங்கிவிடும். செயின் நேர்கோட்டில் போகிறதா என்று ஸ்கேல் வைத்து அள, 2 மி.மீ.க்கு மேல் விலகினால் சத்தம் வரும்.

27 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி-யில் 622. ஆக பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். காலிப்பரில் (பிரேக் கை) கட்டை மாட்டும் பிளவில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று இன்றே பார். டயர் மூன்று அங்கேயே வாங்கிக்கொள், 32 மி.மீ. அகலம், மாட்டும் முன் செயின்ஸ்டே (பின் சக்கரத்தின் இருபக்கமும் வரும் குழாய்) இடைவெளியை அளந்துகொள். இங்கே 28 இஞ்ச் என்று கொடுக்கும் சாதா சைக்கிள் டயர் 635, உன் ரிம்மில் நிற்காது.

பெயின்ட் அடிக்காதே. எழுத்தெல்லாம் போய்விடும். குரோமில் இருக்கும் துருவுக்கு, சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய். பழுப்புச் சாறு மாதிரி இறங்கும், அடியில் கண்ணாடி மாதிரி வரும். உப்புத்தாள் வேண்டாம். காசிமேட்டுக் காற்றில் குழாய் உள்ளிருந்துதான் அரிக்கும். அதனால் மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் துருத் தடுப்பு எண்ணெய் விட்டு, ஃப்ரேமை எல்லாப் பக்கமும் உருட்டி, பிபி வழியாக வடித்துவிடு.

சீட் போஸ்ட் வெளியே வந்ததும் அதன் அடியில் பொறித்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. 26.8-ஆ 27.2-ஆ என்று தெரிந்தால், மாற்றுப் போஸ்ட் இங்கே தேடுவதா, லேத்தில் கடைவதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா