அளவு ஜாக்கெட் செல்லாத ஊர்

ஜோர்டான் பகுதி, ஹாங்காங்

அன்புள்ள சித்திக்கு,

நாங்க எல்லாரும் நலம். சித்தப்பாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் பழகிருச்சு, காலையில அழறது நின்னாச்சு. வீடு மட்டும் அதே நம்மூர்த் தீப்பெட்டிதான். போன்ல பேசும்போதெல்லாம் வீட்டைப் பத்தியே புலம்புறேன்னு சலிச்சுக்கிட்டீங்களே, அதனால இன்னைக்கு ஒரு நல்ல சேதி எழுதுறேன். தையல் சேதி. உங்களைத் தவிர வேற யாருக்கு எழுதினாலும் பாதியில மடிச்சு வச்சிருவாங்க.

இங்க கடையில தொங்குற துணி எதுவும் எனக்குச் சேர மாட்டேங்குது. தோளுக்குச் சரியா இருந்தா மார்புல பிடிக்குது, மார்புக்குப் பார்த்து எடுத்தா தோள் முழங்கையை நோக்கி இறங்குது. எஸ், எம், எல் மூணுக்கும் நடுவுல எங்கேயோ நான் இருக்கேன். கோவில்பட்டியில இருந்தவரைக்கும் இது எனக்குத் தெரியாமலே போச்சு. உங்க மெஷின் பக்கத்துலயே வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

ஆனா ஊர் என்னவோ தையலுக்குப் பேர்போன ஊருதான். நாதன் சாலையில சிம் ஷா சூய் பக்கம் நடந்தா, பத்தடிக்கு ஒருத்தர் "சூட் வேணுமா சார்"னு வழிமறிப்பார், பெரும்பாலும் நம்ம நாட்டு முகம். கடை முதலாளிங்கள்ல சிந்திக்காரங்க நிறைய. பிரிட்டிஷ் பட்டாளத்துக்கும் கப்பல்ல வந்து போறவங்களுக்கும் தைச்சுத் தைச்சே பெருகின தொழில். 1957-ல ஆரம்பிச்ச சாம்ஸ் டெய்லர்ங்கிற கடையோட சுவர் முழுக்க, அங்க தைச்சுக்கிட்ட பெரிய மனுஷங்க படம்தான். 24 மணி நேரத்துல சூட்டுங்கிறது இந்த ஊரோட பழைய பெருமை. உங்க மருமகனும் ஆபீஸ் விருந்துக்கு அவசரமா வேற ஒரு கடையில ஒண்ணு தைச்சார். தோளெல்லாம் அம்சமாத்தான் உட்கார்ந்தது. ஆனா முன்பக்கம் விறைப்பா நிக்க உள்ளே வைக்கிற கான்வாஸைத் தைக்காம ஒட்டியிருக்காங்க. சலவைக்குப் போய் வந்ததும் மார்புகிட்ட கொப்புளம் கொப்புளமா எழும்பிருச்சு. நீங்க பார்த்திருந்தா கோட்டைக் கையில வாங்கினதுமே, "பசை போட்டிருக்கான்"னு சொல்லியிருப்பீங்க.

என் கதை வேற. சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டுக்காரம்மா சியோங்சாம் தைச்சுக்கிட்டாங்க. உசந்த காலர் வச்சு, வலது பக்கம் சாய்வா மூடி, ரெண்டு பக்கமும் கீழே திறந்த உடுப்பு. படத்துல பார்த்திருப்பீங்க. இங்க சில பெண்கள் பள்ளிக்கூடத்துல இன்னும் அதுதான் சீருடை. அவங்களோட துணைக்குப் போனவதான் நான். போனவளுக்கு ஆசை வந்திருச்சு. நீங்க பாப்பா பொறந்தப்ப எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துக் கோரா பட்டு இருக்கே, முந்தி ஓரம் கிழிஞ்சு கட்ட முடியாமப் பெட்டியிலயே கிடந்தது, அதை எடுத்துக்கிட்டுப் போனேன். திட்டாதீங்க, முழுசாப் படிங்க.

மாஸ்டருக்கு எழுபதுக்கு மேல வயசு. பழைய கட்டடத்துல படியேறிப் போகணும், ஒரு வெட்டுமேசை, ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, அவ்வளவுதான் கடை. 1949-க்குப் பிறகு ஷாங்காயிலிருந்து தையல்காரங்க கூட்டம் கூட்டமா இங்க வந்தாங்களாம். அப்படி வந்த ஒருத்தர்கிட்ட, மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே சேர்ந்தவர் இவர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்குக் கான்டோனீஸ் அதைவிட மோசம். எதிர்வீட்டம்மாதான் நடுவுல.

நான் என்ன பண்ணேன், நம்ம வழக்கப்படி அளவு ஜாக்கெட்டை நீட்டினேன். அவருக்குப் புரியல. புரிஞ்சதும் சிரிச்சுட்டு வாங்கினார், ஆனா அளவு பார்க்க இல்ல. உள்பக்கமாப் புரட்டினார். பக்கவாட்டுல பிரிச்சுக்கிறதுக்காக நாலு வரிசை விட்டுத் தைச்சிருப்பீங்களே, அதை விரலால தடவிக்கிட்டே போனார். உடம்பு வளைவுக்காக மடிச்சுப் பிடிக்கிற டாட் முடியிற இடத்துல நூலை எப்படி முடிஞ்சிருக்குன்னு கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "யார் தைச்சது?"ன்னு கேட்டார். அம்மாவோட தங்கச்சின்னு சொன்னேன். கட்டைவிரலைக் காட்டிட்டு, மடிச்சு என் கையிலயே கொடுத்துட்டார். இது பழைய உடம்போட அளவு, இப்ப நிக்கிற உடம்பைத்தான் அளப்பேன்னு சொன்னாராம்.

அளந்தார் பாருங்க! கழுத்து, தோள், மார்பு, மார்பு உச்சியிலிருந்து தோளுக்கு, இடுப்பு, இடுப்பிலிருந்து ஆசனத்துக்கு, முதுகு வளைவு, மேல்கை... எழுதி மாளாது. நான் எடை கூடின வெட்கத்துல மூச்சை இழுத்துப் பிடிச்சு நின்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. டேப்பைச் சுத்தினபடியே சுவரைப் பார்த்துக்கிட்டு, நான் மூச்சை விடுற வரைக்கும் நின்னார். விட்டதும் எண்ணைக் குறிச்சுக்கிட்டார். வலது தோள் எனக்கு ஒரு துளி இறக்கம்னு கண்டுபிடிச்சவரும் அவர்தான். பாப்பாவைத் தூக்கித் தூக்கியோ, பையை மாட்டி மாட்டியோ. அதுக்கும் அலட்டிக்கல, இடது பக்கத்துக்கு ஒரு கோடு, வலது பக்கத்துக்கு ஒரு கோடு. உடம்புல குறை இருக்குன்னு யாரும் சொல்லாம, துணிதான் அதுக்குத் தக்கபடி வளையணும்னு ஒருத்தர் வேலை பார்க்கிறதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா!

இப்ப உங்களுக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். ஜரிகைக் கரை கீழ் விளிம்புல வரணும்னு நான் பிடிவாதம். பழைய முறையில சியோங்சாமுக்குத் தோள்ல தையலே கிடையாது, முன்னும் பின்னும் ஒரே துணியா நேர்வாக்குல வெட்டுவாங்க. கரை கீழே வரணும்னா சேலையைத் திருப்பிப் போடணும், நீங்க கைக்குக் கரை வைக்கத் திருப்புவீங்களே அதே மாதிரி. அப்ப நீளத்துக்குச் சேலையோட அகலம்தான் மிஞ்சும், 47 அங்குலம். தோள்ல வெட்டித்தான் ஆகணும். அது மட்டுமில்ல, நீளவாக்குல ஓடுற பாவு நூல் உடம்பைச் சுத்தி ஓடும், குறுக்கே ஓடுற ஊடை மாதிரி இழுத்துக் கொடுக்காது, உட்கார்ந்தா பிடிக்கும். இதையெல்லாம் துணியோட ரெண்டு முனையையும் இழுத்து இழுத்துக் காட்டியே விளக்கிட்டார், மொழிபெயர்ப்பு தேவைப்படல. கடைசியில என் பிடிவாதம் ஜெயிச்சது, ஆனா ஆசனத்துல கூடுதலா விட்டுத்தான் வெட்டுவேன்னுட்டார்.

காகித அச்சு எதுவும் இல்ல, துணி மேலயே கோடு. சின்னப் பைக்குள்ள வண்ணப் பொடி, அதுக்குள்ள ஓடுற நூல். நூலை இழுத்துப் பிடிச்சுச் சுண்டினா கோடு விழுது. ஓரத்துக்கெல்லாம் மாவுப் பசையைத் தகடு மாதிரி மெல்லிசாத் தடவி, இஸ்திரி போட்டு, அப்புறம்தான் பைப்பிங். பித்தான் இன்னும் அழகு. முந்தியோட அரக்கு நிறத்துல கிராஸா பட்டி வெட்டி, உள்ளே மெல்லிய கம்பி வச்சு, பூ மாதிரி சுருட்டிக் கையால தைக்கிறார். நம்ம கொக்கி வளையம் ரெண்டு நிமிஷ வேலைன்னா, இதுல ஒரு ஜோடிக்கே ஒரு மத்தியானம் போயிரும்.

முதல் பொருத்தம் பார்க்கப் போனப்ப எல்லாம் வெள்ளை நூல் ஓட்டுத் தையல்ல நின்னது. உட்காரச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், படியில ரெண்டு தடவை ஏறி இறங்கச் சொன்னார். முதுகுல ஒரு சுருக்கம் என் கண்ணுக்கே தெரியல, அவர் குண்டூசியால பிடிச்சதும் காணாமப் போச்சு. அடுத்த தடவை காலரை மட்டும் மறுபடி பிரிச்சார். இந்த வந்து போற காலம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உடுத்துறதுக்கு முன்னாடியே அந்தத் துணியோட எனக்குப் பழக்கம் வந்திருச்சு. காசைக் கொடுத்துப் பையை வாங்கிட்டு வர்றதுல இது வராது.

நடுவுல லைனிங் துணி எடுக்க ஷாம் ஷூய் போ போனேன். கி லங் தெரு முழுக்கத் துணிக்கடை, யூ சௌ தெருவுல மணி, நாம் சியோங் தெருவுல லேஸும் ரிப்பனும். நீங்க வந்தா ராத்திரிதான் வெளியே கூட்டிட்டு வர முடியும். மீட்டர் கிடையாது, இன்னும் கஜக் கணக்குதான்.

கூலி எவ்வளவுன்னு இந்தக் கடிதத்துல எழுத மாட்டேன். ஆனா லைனிங் வச்ச ஜாக்கெட்டுக்கு நீங்க சொல்ற கூலியில அம்பது ரூபா குறைக்கச் சொல்றாங்களே உங்க தெருக்காரங்க, அவங்க ஒரு தடவை இங்க வந்து பார்க்கணும். இந்தச் சியோங்சாம் தையலைச் சீன அரசு 2021-ல தேசிய மரபுக் கலைப் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஆனா மாஸ்டர் கடையில கத்துக்க ஒரு பிள்ளை இல்ல, புத்தாண்டு நெருங்கினா நம்ம தீபாவளி நேரம் மாதிரி புது வேலை வாங்கவே மாட்டேங்கிறார். பட்டியல்ல சேர்த்தா பித்தான் யார் சுருட்டுறது? நீங்களும் அந்த மேலத்தெருப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறதை விட்றாதீங்க, டாட் பிடிக்க வரலைன்னு திட்டி விரட்டாதீங்க.

போட்டோ மருமகன் அனுப்புவார். ஒண்ணு பின்பக்கம் திரும்பி நிக்கிறது, முதுகைப் பார்த்துட்டு உங்க தீர்ப்பைச் சொல்லுங்க.

பாஸ்போர்ட் விண்ணப்பம் என்னாச்சு? நம்மவங்க இங்க வர விசா வேண்டாம், இணையத்துல முன்கூட்டிப் பதிஞ்சா போதும், 14 நாள் இருக்கலாம். உங்களுக்கும் ஒண்ணு தைக்கணும்னு மாஸ்டர்கிட்ட கேட்டேன். 14 நாள்ல முடியாது, ஆனா வெட்டுமேசையில பக்கத்துல நிக்கிறதுக்கு அவங்களை வரச் சொல்லுன்னார். லைனிங்குக்கு எடுத்த துணியில ரெண்டு கஜம் மிச்சம் இருக்கு, வர்றப்ப எடுத்துட்டுப் போகலாம்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
உங்க மூத்த மகள்