என் இடத்துக்கு நானே ஆள் எடுத்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 70 மணி நேரம் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் 90 என்றார். ஆளாளுக்கு எண்ணை வைத்துச் சண்டை போடுகிறோம். அத்தனை மணி நேரத்தையும் கொடுத்து முடித்தவன் கதை என்ன ஆகிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெருங்குடியில் ஒரு ஸ்டார்ட்அப் நிறுவனம். ஓட்டல்களுக்கு அரிசி, எண்ணெய், பருப்பு சப்ளை செய்கிறார்கள். இரண்டு வருடம் ஏழு மாதம் அங்கே கணக்குப் பார்த்தேன். ஏழாம் தேதி டிடிஎஸ், அதாவது பிடித்து வைத்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11ஆம் தேதி விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், 20ஆம் தேதி மாத ஜிஎஸ்டி கட்டும் படிவமான 3பி. மாதக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் போட வேண்டும். இதெல்லாம் பகல் வேலை. பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் போகும் லாரி இரவு பத்தரைக்கு மேல்தான் கிளம்பும். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு இருந்தால் ஈ-வே பில் என்ற ஆன்லைன் சரக்குச் சீட்டு இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. அந்தத் தளத்தின் ஓடிபி என் கைப்பேசிக்குத்தான் வரும். அதனால் மடிப்பாக்கத்து வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் இருக்கும். என் மகளுக்கு ‘ஓடிபி’ என்ற சொல் மூன்று வயதிலேயே தெரியும்.

ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எட்டு மாதம் கேட்டேன். ஒருநாள் அடுத்த காலாண்டுச் செலவுத் திட்டத்தை என்னிடமே தயார் செய்யக் கொடுத்தார்கள். அதில் ‘கணக்குப் பிரிவு, புதிய ஆள் 1, சம்பளம் 32,000’ என்று ஒரு வரி. என் சம்பளம் 46,000. சந்தோஷத்தில் அன்று வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிப் போனேன். சிரிக்காதீர்கள், உண்மை. வந்த 14 விண்ணப்பங்களையும் நான்தான் சலித்தேன். மூன்று பேருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பரீட்சை வைத்து, விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். “வேலை கொஞ்சம் அதிகம்தான் தம்பி, பயப்படாதே, நான் இருக்கேன்” என்று அவனுக்குத் தைரியமும் சொன்னேன்.

20ஆம் தேதி மாலை ஐந்தே முக்காலுக்கு 3பி தாக்கல் செய்து முடித்தேன். ஆறு மணிக்கு மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். எச்ஆர் அம்மா எதிரில் இருந்தார், நிறுவனர் லேப்டாப் திரையில் இருந்தார். “கம்பெனி வேறு திசையில் போகிறது” என்றார். எந்தத் திசை என்று கேட்கத் தோன்றவில்லை. ராஜினாமாக் கடிதம் என் பெயரில் டைப் ஆகித் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளமும் ரிலீவிங் லெட்டரும் உண்டு. இல்லாவிட்டால் “அப்புறம் எங்கள் கையில் இல்லை” என்றார்கள். ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த கம்பெனி வாசலைக்கூட மிதிக்க முடியாது. போட்டேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மறுநாள் என் கணக்கை முடிக்க எக்செல் ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்கே போன் வந்தது.

நாலாவது நாள் அந்தப் பையன் வேலையில் சேர்ந்துவிட்டான். “அண்ணா, நீங்க லீவுன்னு சொன்னாங்க, எப்ப வருவீங்க?” என்று போனில் கேட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன், டெபிட் நோட்டு எல்லாம் சரியாகப் போட்டிருந்தான்.

பிறகு வக்கீல் நண்பர் ஒருவர் சொல்லித்தான் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைப் படித்தேன். 1947இல் வந்த சட்டம். ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது, அந்த ஓவர்டைமுக்கும் இரட்டிப்புக் கூலி. நான் சராசரியாக 75 மணி நேரம் வேலை பார்த்தேன், ஓவர்டைம் என்ற சொல்லையே அங்கே கேட்டதில்லை. 41ஆம் பிரிவு இன்னும் முக்கியம். ஆறு மாதத்துக்குமேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் அனுப்ப முடியாது. காரணம் சரியில்லை என்றால் மேல்முறையீடும் செய்யலாம்.

ஆனால் இதெல்லாம் ‘அனுப்பப்பட்டவனுக்கு’. நான் ‘ராஜினாமா செய்தவன்’. “கையெழுத்துப் போட்டுட்டியேப்பா” என்றார் நண்பர். இன்னொரு சங்கதியும் உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. என் பதவியின் பெயர் பைனான்ஸ் மேனேஜர். எனக்குக் கீழே இருந்தது ஒரு பிரிண்டர் மட்டும், அதுவும் சொன்ன பேச்சு கேட்காது. பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்க்க வேண்டும் என்று வாதாடலாமாம். அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன், சிரித்தார்.

தொழிலாளர் துறை செய்யக்கூடிய ஒன்றைத்தான் கேட்கிறேன். கம்பெனியே டைப் செய்து, அன்றே வாங்கும் ராஜினாமாவை ராஜினாமா என்று ஏற்கக் கூடாது. ஏழு நாளாவது யோசிக்க அவகாசம் வேண்டும், அதற்குள் திரும்பப் பெறும் உரிமையும் வேண்டும். ஸ்டார்ட்அப்புகளுக்கு மானியமும் முதலீடும் தரும் அரசு, அவற்றின் வருகைப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தம்பி தங்கைகளுக்கும் ஒன்று: அந்த அறையில் பேனாவை நீட்டினால், “நாளைக்குச் சொல்கிறேன்” என்று எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

ஈ-வே பில் தளத்தில் இன்னும் என் கைப்பேசி எண்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு முறை மெயில் போட்டுவிட்டேன். ஓடிபி வந்ததும் பையன் கூப்பிடுவான், நானும் சொல்லிவிடுவேன். லாரி டிரைவர் என்ன பாவம் செய்தார்? நேற்று வந்தது இரவு 11.40க்கு. நேற்று ஞாயிற்றுக்கிழமை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர் (வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், ஐயா),
மடிப்பாக்கம், சென்னை