பந்தயத் தடத்தில் சாதாரண காருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பந்தயத் தடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதை எதிர்த்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளியான கடிதத்தைப் படித்தேன். பந்தயத் தடம் என்பது கோடீஸ்வரர்களின் விளையாட்டுத் திடல் என்றும், அங்கே வேகத்தின் சுவை கண்ட இளைஞன் அதே வேகத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் அவிநாசி சாலைக்கும் கொண்டுவருவான் என்றும் அந்த வாசகர் அஞ்சுகிறார். அவருடைய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தடத்திலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், அன்றாடம் வேலைக்குப் போகவும் மாதச் சாமான் ஏற்றி வரவும் பயன்படும் என் சொந்த ஃபோக்ஸ்வாகன் போலோ காரையே ஓட்டி மகிழ்பவன் என்ற முறையில், அவர் சொல்லும் இரண்டுமே நடைமுறைக்குப் பொருந்தவில்லை என்று எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், டிராக் டே, அதாவது பொதுமக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கத் தடத்தைத் திறந்துவிடும் நாள், பந்தயம் அன்று. முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. பரிசுக் கோப்பையும் கிடையாது. கட்டணம் செலுத்திய கார்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவும் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ தடத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. காலையில் கொடிகளின் பொருளை விளக்குகிறார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், டயர், பிரேக் ஆகியவற்றைச் சோதிக்கிறார்கள். காலுக்கடியில் விரித்திருக்கும் மேட் முதல் டிக்கியில் கிடக்கும் குடை வரை அனைத்தையும் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். முந்துவதற்குக்கூட முன்னால் செல்பவர் சைகை காட்ட வேண்டும். ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி அசையும்போது முந்தியவரை அப்போதே உள்ளே அழைத்து உட்கார வைத்துவிடுவார்கள். நம் நெடுஞ்சாலைகளில் இந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கோடீஸ்வரர் விஷயத்துக்கு வருகிறேன். என் காரின் எஞ்சின் ஒரு லிட்டர் டர்போ. 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் மேனுவல். ஹாட் ஹேட்ச் என்று ஆர்வலர்கள் சொல்லும் வகையில், அதாவது வேகமான எஞ்சின் பொருத்திய சிறிய குடும்பக் கார்களில், நம் நாட்டில் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த அளவிலேயே இருந்தன. 2015இல் வந்த அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறன். பின்னர் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் டாடா அல்ட்ரோஸ் ரேசரிலும் 120. இவற்றுள் பல இன்று பழைய கார் சந்தையில் சில லட்சங்களுக்குக் கிடைக்கின்றன. 500, 600 குதிரைத்திறன் கொண்ட கார்களும் தடத்துக்கு வருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமே உள்ள கரி தடத்தில் அந்தக் காரின் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திய அடுத்த சில நொடிகளில் அடுத்த வளைவு வந்துவிடுகிறது; அதன் உரிமையாளர் பிரேக்கை நம்பியே பாதி நாளை ஓட்டுகிறார். எனக்கோ மூன்றாவது கியரை எஞ்சின் சுழற்சியின் மேல் எல்லையான சிவப்புக் கோடு வரை இழுத்து, நான்காவதுக்கு மாற்ற இடம் இருக்கிறது. காரிடம் உள்ளது அனைத்தையும் அச்சமின்றிக் கேட்டு வாங்க முடிகிறது என்பதே இதிலுள்ள இன்பம். அது விலையைப் பொறுத்ததன்று.

வளைவில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விளக்கினால் நான் சொல்வது இன்னும் புரியும். முன்சக்கர இயக்கமுள்ள இத்தகைய காரில் இழுப்பது, திருப்புவது ஆகிய இரண்டு வேலையையும் முன் டயர்களே பார்க்கின்றன. பிரேக் போடும்போதும் பெரும்பங்கு அவற்றின் மேல்தான் விழுகிறது. ஆகவே வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் நுழைந்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளிப்பக்கமாகவே நழுவும், டயர் முனகும். பொறுமையிழந்து மேலும் திருப்பினால் நழுவல் கூடுமே தவிரக் குறையாது. நேர்ப்பாதையிலேயே பிரேக்கை முடித்துக்கொண்டு, வளைவின் உட்புள்ளியைத் தொட்டு, ஸ்டீயரிங் நிமிர நிமிர ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் அதே கார் வேறொரு காராக நடந்துகொள்கிறது. ஒரு படி மேலே போய், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை இலேசாகத் தளர்த்தினால் எடை முன்னுக்கு வந்து, பின்பகுதி மெல்ல வெளியே நகர்ந்து, மூக்கு தானாக உள்ளே திரும்புகிறது. திடீரென்று காலை எடுத்தாலோ கார் சுழன்றே விடும். எந்த அளவுக்குத் தளர்த்துவது என்பதைக் கால்தான் கற்றுக்கொள்ள வேண்டும். புல்வெளியும் மணலும் சூழ்ந்த தடத்தில் அதைக் கற்கலாம். எதிரே பேருந்து வரும் சாலையில் கற்க முடியாது.

ஹாட் ஹேட்ச் என்ற வகையே, சாதாரணக் குடும்பக் காரிலும் இந்த இன்பத்தைத் தரலாம் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான். 1976இல் விற்பனைக்கு வந்த முதல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரில் 1.6 லிட்டர் எஞ்சின், என் போலோவில் உள்ள அதே 110 குதிரைத்திறன், எடையோ 810 கிலோ மட்டுமே. 5,000 கார்கள் விற்றால் போதும் என்று திட்டமிட்ட நிறுவனம், அந்த முதல் தலைமுறையிலேயே நான்கரை லட்சத்துக்கும் மேல் விற்றது. நம்மூரிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில் கைவிடப்பட்ட போர்க்கால விமான ஓடுதளத்தில் அந்நாளில் பந்தயம் ஓடியவற்றுள் பல, வீட்டுக்கு வாங்கிய கார்களைப் பிரித்து மெருகேற்றியவையே. 1980களின் பிற்பகுதியில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்தே குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன் அந்தக் கார்களில்தான் தொடங்கினார். செட்டிபாளையத் தடம் தாங்கி நிற்பது அந்தக் கரிவர்தனின் பெயரை. பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று சொல்லும்போது இதையும் நினைவில் கொள்ளலாம்.

சாதாரண காரில் செல்பவர் முதலில் சந்திக்கும் எல்லை எஞ்சினுடையது அன்று, பிரேக்கினுடையது. மணிக்கு 150 கிலோமீட்டரில் செல்லும் காரின் இயக்க ஆற்றல், 100 கிலோமீட்டரில் செல்லும்போது இருப்பதைப் போல் இரண்டேகால் மடங்கு. அவ்வளவும் டிஸ்கில் வெப்பமாக இறங்குகிறது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் முழுத் தடத்தில் விடாமல் நான்கைந்து சுற்று வந்தால் கருகிய பிரேக் பேட் வாடை உள்ளே வரும். அதன்பின் பெடல் மெத்தென்று கீழே போகத் தொடங்கும். பிரேக் திரவம் வெப்பத்தில் கொதித்துக் குமிழியானால் பெடலின் அழுத்தம் பிரேக்குக்குச் சரியாகப் போய்ச் சேராது. அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது. பல கார்களில் பயன்படும் டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி. எனவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் பிரேக் திரவத்தை மாற்றிவிடுவதுதான் ஒருவர் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள ஏற்பாடு. சுற்றி முடிந்ததும் ஒரு சுற்று நிதானமாக வந்து ஆறவிட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுச் சென்றால், திரும்பி வந்தபின் அது எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டுவதா குறைப்பதா என முடிவு செய்யலாம். எனக்கு இந்த ஓய்வு நேரமும் மிகப் பிடிக்கும்: போனட்டைத் திறந்து வைத்து, முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு முன் டயரைச் சுற்றிக் குந்தியிருந்து வாதாடுவதை வேறெங்கே காண்பது?

இனி, சாலையில் வேகம் பெருகும் என்ற குற்றச்சாட்டு. பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அந்தச் சட்டம் கடுமையாகவே செயல்பட வேண்டும் என்பதில் எனக்கும் கடிதம் எழுதிய வாசகருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தடையை மட்டும் போட்டுவிட்டுப் போவதற்கு வேறிடம் காட்டாமல் இருப்பது அரைகுறை வேலை. தடத்தில் ஓட்டியவர்கள் எல்லாரும் சாலையில் அடக்கமாகிவிடுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஆகாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இருப்பினும், நல்ல டயரும் ஈரமில்லாத தரையும் இருந்தும் 120 கிலோமீட்டரிலிருந்து நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்பதைத் தன் காலால் உணர்ந்த ஒருவருக்கு, மழை நாளில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செல்ல மனம் வராது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எதுவும் இதை நமக்குக் காட்டுவதில்லை.

செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், பிரேக் பேட் ஆகியவை ஒரு நடுத்தரக் குடும்பம் திட்டமிட்டுத் தாங்கக்கூடியவையே. டயர் தேய்மானம் சற்று வலிக்கும். உண்மையான தடை காப்பீடு. நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கான பயன்பாட்டைத் தெளிவாக விலக்கி வைக்கின்றன. டிராக் டே பந்தயமே அன்று என்றாலும் அதுவும் இந்த விலக்குக்குள் சிக்கிக்கொள்கிறது; ஆகவே அங்கே தடுப்பில் கார் உரசினாலும் முழுச் செலவும் உரிமையாளரின் தலையில்தான். இதனாலேயே பலர் வாசல்வரை வந்து வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நட்டத்தைப் பொருட்படுத்தாதவர்கள் மட்டும் உள்ளே போகிறார்கள். பணக்காரர் விளையாட்டு என்ற தோற்றம் இப்படித்தான் உண்டாகிறது. பிரிட்டனில் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் டிராக் டே காப்பீடு தனியாக விற்கப்படுகிறது. இங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களும் அத்தகைய ஒரு நாள் பாலிசியைக் கொண்டுவரவும், தடங்களை நடத்துவோர் 1,200 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கென்று பயிற்றுநருடன் கூடிய தனி நாட்களை ஒதுக்கவும், அந்த நாட்களின் அறிவிப்பைத் தங்கள் நாளிதழ் கோவை, சென்னைப் பதிப்புகளின் விளையாட்டுப் பக்கத்தில் முன்கூட்டியே வெளியிடவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.