மால்டா போகும் தம்பதியருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையிலிருந்து நாலைந்து நாள் மத்தியதரைக் கடலிலுள்ள தீவு நாடான மால்டா போய்வர நினைக்கும் இளம் தம்பதியருக்காக இதை எழுதுகிறேன்.

மால்டாவுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். மருத்துவக் காப்புறுதியும் ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாமல், தங்கும் நாட்கள் முழுவதற்கும் இருக்க வேண்டும். விசாவுக்குக் காட்டும் வங்கிக் கணக்கில் கடைசி வாரத்தில் கைமாற்றுப் பணத்தைப் போட்டுக் காட்டாதீர்கள். திடீர் வரவுதான் முதலில் கண்ணில் படும், சந்தேகமும் அங்கேதான் தொடங்கும்.

மால்டாவிலுள்ள வரலாற்றுக்கு முற்பட்ட ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறைக்குள் மணிக்குப் பத்துப் பேரை மட்டுமே விடுகிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம் சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்பதே காரணம். டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுங்கள்.

மால்டாவின் இன்னொரு தீவான கோசோவுக்கு சிர்கேவ்வா துறையில் கார் ஏற்றும் பெரிய படகு ஏறினால் அரைமணிக்குள் அக்கரை. போகும்போது காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் டிக்கெட். குளிர்காலத்தில் காற்று பலத்தால் சில நேரம் படகு ஓடாமல் நின்றுவிடும். ஆகவே விமானம் ஏறும் நாளில் கோசோவை வைக்காதீர்கள். நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும் மே, ஜூன் மாதங்களே அங்கும் நல்ல காலம்.

இப்படிக்கு,
வாசகர், திருகோணமலை